ஊரின் பெயரைத் திட்டத்தின் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். மட்டக்களப்பு மாநகர எல்லைக்குள் வாவிக்கரையோரமாக ஒரு குடியிருப்பு. பாதிப் பேருக்குக் காணி அனுமதிப்பத்திரம் உண்டு, மீதிப் பேருக்கு இல்லை. மாரி வந்தால் வளவுக்குள் முழங்கால் தண்ணீர். இப்போது ஒரு நிறுவனமும் மாநகர சபையும் சேர்ந்து ‘மீண்டெழும் திறன் திட்டம்’ தயாரிக்கின்றன. முதற் கூட்டத்தில் காட்டிய வரைபடத்தில் உங்கள் இடம் சிவப்பு நிறம், பெயர் ‘வலயம் 3’. ஊர் அடையாளத்தைப் பற்றி ஒருவர் கேட்டபோது, பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஓவியம் வரையலாம் என்று பதில் வந்திருக்கிறது. அடையாளத்தைக் கைவிடாமல் வெள்ளத்துக்குத் திட்டம் போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. எங்களை எழுப்பப் போகிறார்களா என்பது ஒன்று. எங்களுக்குத் தெரிந்த விஷயம் அவர்களுடைய தாளில் ஏறுமா என்பது மற்றது. முதலாவதற்குப் பாதிப் பதில்தான் தர முடியும். இரண்டாவதற்கு முழுதாகவே சொல்லலாம், அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஊரின் அடையாளத்தைத் திட்டத்தின் முன்னுரையில் ஒரு பந்தியாக எழுதினால் அது அங்கேயே கிடந்துவிடும். அது ஏற வேண்டிய இடம் பின்னிணைப்பு: மட்ட அட்டவணை, கான் (வடிகால்) பட்டியல், திறப்பு யாரிடம் என்ற நிரல், யார் யாருக்கு அறிவிப்பது என்ற வரிசை. வேலை செய்ய வருகிற ஆள் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான். ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மடு என்றால் தண்ணீர் ஆழமாக நிற்கும் பள்ளம். வில் அல்லது வில்லு மழைநீர் தேங்கும் தாழ்நிலம். கேணியும் ஊறணியும் நீர் ஊறுகிற இடம். தொடுவாய் நீர் நீரைத் தொடும் வாய். முனை தண்ணீருக்குள் நீட்டிய தரை, குடா உள்ளே வாங்கிய தண்ணீர். பாலமீன்மடு, திராய்மடு, கொக்குவில், கருவேப்பங்கேணி, ஊறணி, மஞ்சந்தொடுவாய், நொச்சிமுனை, நாவற்குடா என்று நகரைச் சுற்றி வாசித்துக்கொண்டு போனாலே எங்கே தண்ணீர் நிற்கும் என்று பாதி தெரிந்துவிடும். தெற்கே கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் ‘தோணா’ என்ற ஒரு சொல்லே போதும். வெள்ளம் கடலுக்குப் போகிற வழி எதுவென்று சின்னப் பிள்ளையும் காட்டும். ‘வலயம் 3’ இதில் எதையும் சொல்லாது. தவிர, இரவு இரண்டு மணிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கமான 117க்கு அழைத்து ‘வலயம் 3, பிரிவு ஆ’ என்று சொல்பவர் ஊரில் ஒருவரும் இருக்கமாட்டார். ஆகவே வரைபடத்தில் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஊர் வழங்கும் பெயரையே எழுதச் சொல்லிக் கேளுங்கள். இலக்கம் வேண்டுமானால் பெயருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: பெயர் ஊரோடு இடம்பெயரும். குடிபெயர்ந்தவர்கள் பழைய ஊர்ப்பெயரைப் புது இடத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள். வீட்டுத் திட்டங்களுக்கு உதவி செய்தவரின் பெயர் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட பெயரை நம்பிக் கான் வெட்டக் கூடாது.

அடுத்தது, உங்கள் வளவுக்குள் வருவது எந்தத் தண்ணீர் என்பது. மூன்று விதமாக வரலாம், மூன்றுக்கும் மருந்து வேறு. உங்கள் தலைக்கு மேல் பெய்த மழை வடிய வழியில்லாமல் நிற்பது ஒன்று. வாவி மட்டம் உயர்ந்து, கான் வழியாகவே பின்னோக்கி ஏறுவது இரண்டாவது. மேட்டுப் பகுதியில் பெய்தது வீதி வழியாக உங்களிடம் இறங்குவது மூன்றாவது. எதுவென்று கண்டுபிடிப்பது கடினமல்ல. கான் வாயில் நின்று ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பாருங்கள். இலை வாவிப் பக்கம் போனால் முதலாவது அல்லது மூன்றாவது, ஊர்ப் பக்கம் வந்தால் இரண்டாவது. மழை விட்டு எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்றும் குறியுங்கள். வாவி ஏறிய தண்ணீர் மழை விட்டாலும் நாள்கணக்கில் நிற்கும். மாதத்தையும் சேர்த்து எழுத வேண்டும். ஐப்பசியில் மணல் காய்ந்திருக்கும், 100 மில்லிமீற்றர் மழையை நிலம் குடித்துவிடும். மார்கழியில் நிலத்தடி நீர் முற்றத்துக்குக் கிட்ட வந்து நிற்பதால் அதே மழை முழுவதும் மேலேயே நிற்கும். உறிஞ்சுகுழி வெட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், மார்கழியில் அந்தக் குழியின் அடியில் ஏற்கெனவே எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று கேளுங்கள்.

தொகையையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு பேர்ச் 25.3 சதுர மீற்றர். 10 பேர்ச் வளவில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 25,000 லீற்றர், அதாவது ஐந்து 5,000 லீற்றர் பவுசர். மழைநீர்த் தாங்கி ஒன்று 1,000 லீற்றர் என்றால் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. தாங்கி குடிதண்ணீருக்கு நல்லது. வெள்ளத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அப்படி 40 வளவு சேர்ந்த ஒழுங்கை ஏறத்தாழ 1 ஹெக்டேயர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீற்றர் கொட்டி, அதில் பாதி ஓடினாலும் வினாடிக்கு 70 லீற்றரளவு கானுக்குள் போக வேண்டும்.

இப்போது கானைப் பார்ப்போம். 1,000 மீற்றருக்கு 1 மீற்றர் சரிவில், 30 சென்ரிமீற்றர் அகலமும் அதே ஆழமும் உள்ள கொங்கிரீற்றுக் கான் வினாடிக்கு ஏறத்தாழ 40 லீற்றர்தான் கொண்டுபோகும். 45க்கு 45 என்றால் 120 லீற்றர், தாராளம். அதே 45 கானில் பாதி உயரத்துக்கு மணல் படிந்துவிட்டால் 50 லீற்றருக்குக் கீழே இறங்கிவிடும். பெரிய கான் கட்டியும் வெள்ளம் போகவில்லை என்ற முறைப்பாட்டின் விளக்கம் பெரும்பாலும் இந்த ஒரு கணக்குக்குள் இருக்கிறது. எங்கள் பக்கத்து மணல் ஒரு மாரியிலேயே கானை அரைவாசி நிரப்பக் கூடியது. அதனால் கானைவிட மூடிதான் முக்கியம் என்று சொல்வேன். 1 மீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் தடிப்பான மூடி 200 கிலோவுக்கு மேல் வரும். அதை பெக்கோ இல்லாமல் ஒருவரும் தூக்கமாட்டார்கள், தூக்காத கானை ஒருவரும் துப்புரவாக்கமாட்டார்கள். 60க்கு 50 சென்ரிமீற்றர், 7.5 தடிப்பு என்றால் 54 கிலோ. இரண்டு பேர் கொழுக்கி போட்டுத் தூக்கலாம். வாகனம் ஏறாத ஓரத்தில் மூன்றுக்கு ஒன்றாவது இப்படி இலகு மூடியாக, இரண்டு பக்கமும் கம்பி வளையத்தோடு இருக்க வேண்டும் என்று வேலை அளவுப் பட்டியலிலேயே எழுதுவியுங்கள். கானின் பக்கச் சுவர் வளவு மட்டத்துக்கு மேலே நின்றால் முற்றத்துத் தண்ணீர் கானுக்குள் போகவே போகாது. சுவரைத் தாழ்த்த முடியாவிட்டால் 3 மீற்றருக்கு ஒரு துவாரமாவது, 75 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வேண்டும்.

வீதியால் வரும் கேடு இன்னொன்று. பழைய கொங்கிரீற்றைக் கிளறி எடுக்காமல் அதன் மேலேயே அடுத்த படையைப் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் 15 சென்ரிமீற்றர். இரண்டு ‘அபிவிருத்தி’ முடிந்தால் ஒழுங்கை ஒரு அடி உயர்ந்து, இரண்டு பக்கத்து வளவுகளும் குளமாகிவிடும். வசதியுள்ளவர் கிரவல் அடித்து வளவை உயர்த்துவார், அவருடைய தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். கடைசியில் தண்ணீர் தேடிப் போகிற வீடு பெரும்பாலும் தனியே பிள்ளைகளோடு இருக்கிற ஒரு பெண்ணின் வீடாக இருக்கும். பழைய மட்டத்திலேயே வீதியைப் போடு என்ற ஒற்றை வரி திட்டத்தில் ஏறினால், மற்ற எத்தனையோ பக்கங்களைவிட அதனால் பயன் அதிகம்.

மட்டம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை நீங்களே அளக்கலாம். வன்பொருள் கடையில் 20 மீற்றர் தெளிவான பிளாஸ்டிக் ஹோஸ், உள் விட்டம் 10 முதல் 12 மில்லிமீற்றர், வாங்குங்கள். வாளியில் தண்ணீர் வைத்து வாயால் இழுத்து நிரப்புங்கள். உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது, குமிழி இருந்தால் அளவு பொய். இரண்டு தடிகளில் அளவு நாடா ஒட்டி, ஹோஸின் இரு நுனிகளையும் அவற்றில் கட்டுங்கள். முதலில் இரண்டு தடியையும் ஒரே இடத்தில் வைத்து இரண்டு நீர்மட்டமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு தடி கல்வெட்டின் (வீதிக்குக் கீழே தண்ணீர் போகக் கட்டிய சிறு பாலம்) மேல் தட்டில், மற்றது 15 மீற்றர் தள்ளி. இங்கே நிலத்திலிருந்து 112, அங்கே 127 என்றால் அந்த இடம் 15 சென்ரிமீற்றர் தாழ்வு. கூடிய எண் வரும் இடமே பள்ளம். இதை மாற்றிப் பிடித்து முழுக் கணக்கையும் தலைகீழாக எழுதிவிடுவது வழக்கமான பிழை. நகர்த்தும்போது இரண்டு நுனியையும் பெருவிரலால் மூடுங்கள். காலை வெயில் ஏறுமுன் செய்து முடியுங்கள், ஹோஸின் ஒரு பாதி வெயிலிலும் மறு பாதி நிழலிலும் கிடந்தால் மட்டம் மாறும். கடைசியில் சுற்றிக்கொண்டு வந்து தொடங்கிய கல்வெட்டிலேயே முடியுங்கள். 300 மீற்றர் சுற்றுக்கு 2 சென்ரிமீற்றருக்குள் வித்தியாசம் என்றால் போதும். அதற்கு மேல் என்றால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. ஒழுங்கைக்கும் கானுக்கும் இந்த அளவீடு போதும். வாவி எவ்வளவு ஏறும் என்பதை இதால் சொல்ல முடியாது, அதற்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பதிவு வேண்டும்.

அதே நாளில் வெள்ளக் குறியையும் எடுத்துவிடுங்கள். 2011, 2014, 2024 என்று வருடம் சொல்லி, தண்ணீர் வீட்டின் எந்த இடம் வரை வந்தது என்று கேளுங்கள். ஆண்களிடம் கேட்டால் கையை இடுப்பில் வைத்துக் காட்டுவார்கள். பெண்களிடம் கேட்டால் குசினிப் படியில் எந்தக் கல், அடுப்பு நனைந்ததா இல்லையா என்று வரும்; அளக்கக் கூடியது அதுதான். ஒரு இடத்துக்கு இரண்டு பேரிடம், தனித்தனியே கேளுங்கள். 2011இல் ஜனவரியில் ஒன்று, பெப்ரவரித் தொடக்கத்தில் ஒன்று என்று இரண்டு தடவை வெள்ளம் வந்ததால் அந்த வருடத்தில் குழப்பம் அதிகம் இருக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியை அனுபவித்த முதியவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்லட்டும், ஆனால் அது பெரும்பாலும் காற்றின் கதை. கூரைக் கணக்கில் எழுதுங்கள், வெள்ளக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சுவர் ஓவியம் பற்றி என் அபிப்பிராயம் கேட்டீர்கள். வரையுங்கள், ஆனால் மண்டபச் சுவருக்கு முந்திக் கல்வெட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுங்கள்: 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அதன் வருடம். அது ஊரின் வரலாறாகவும் இருக்கும், இரவில் டோர்ச் அடித்துப் பார்க்கும் அளவுகோலாகவும் இருக்கும்.

கான் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாவி உயர்ந்துவிட்டால் சரிவு இல்லாமல் போகும். கான் வாயில் தட்டுக் கதவு (வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் கதவு) போட்டால் வாவித் தண்ணீர் உள்ளே வராது, ஆனால் உங்கள் மழையும் வெளியே போகாது. அந்த நேரம் பம்பி வேண்டும். 3 அங்குல பம்பி நிமிடத்துக்கு 1,000 லீற்றரளவு இறைக்கும். மேலே சொன்ன 40 வளவு ஒழுங்கையில் ஒரு மணி நேர மழைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். பம்பி யார் வீட்டில், எரிபொருள் யார் காசில், இரண்டையும் பெயர் போட்டு எழுதாத திட்டத்தில் பம்பி இருக்கிறது என்று எண்ண வேண்டாம். தட்டுக் கதவு பழுதாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இடையில் ஆற்றுவாழை என்ற மிதக்கும் செடியோ பிளாஸ்டிக் போத்தலோ சிக்கி மூடாமல் நிற்பது. கிட்டங்கித் தாம்போதியில் (வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த வீதி) ஆற்றுவாழை அடைத்துச் செய்கிற வேலையை உங்கள் கானில் ஒரு கைப்பிடி ஆற்றுவாழை செய்துவிடும். கதவுக்கு முன்னால் கம்பி வலை போடுங்கள், வலையை வாரி எடுக்க ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

வாவி ஏறுவது உங்கள் கையில் இல்லை, ஆனால் செய்தி கையில் இருக்கலாம். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால், நவகிரிப் பக்கத்தால் தண்ணீர் இறங்கினால், அது வாவிக்கு வர நேரம் எடுக்கும். அந்த நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். கதவு திறக்கும் செய்தி வயற்காரருக்கு முந்திப் போகும். ஒரு வட்டை விதானையின் (வயல் நீர்ப்பங்கீட்டைப் பார்ப்பவர்) தொலைபேசி இலக்கம் உங்கள் அறிவிப்பு வரிசையில் முதலாவதாக இருக்கட்டும். பாலமீன்மடுவில் முகத்துவாரம் வெட்டுவது, அதாவது வாவித் தண்ணீர் கடலுக்குப் போக மணலை வெட்டித் திறப்பது, மாவட்ட மட்டத்து முடிவு. வயலும் தாழ்நிலத்து வீடுகளும் சீக்கிரம் வெட்டு என்னும், வாவியில் இறால் மீன் பிடிப்பவர் பொறு என்னும். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. உங்கள் ஊரிலேயே இரண்டு பேரும் இருப்பார்கள், அதனால் ஊர்க் கூட்டத்தில் இதற்கு ஒருமித்த முடிவு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் கல்வெட்டில் எந்தக் கோட்டைத் தொட்டால் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அறிவிப்பது என்று மட்டும் உடன்பட்டால் போதும்.

வெள்ளத்துக்கும் சுனாமிக்கும் ஒரே ‘பாதுகாப்பான இடம்’ குறித்திருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்புங்கள். நாவலடி போன்ற மணல் திட்டில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. 2004 டிசம்பர் 26இல் அங்கே தப்பி ஓட ஒதுக்கிடம் இருக்கவில்லை. சுனாமிக்கு மாடியும் தூரமும், வெள்ளத்துக்கு மேடும் படகும், சூறாவளிக்கு உறுதியான கூரையும் வேண்டும். மூன்றுக்கும் பொருந்தும் ஒரே கட்டிடம் ஊரில் இருந்தால் அது அதிர்ஷ்டம். வழியையும் பார்க்க வேண்டும். 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் குறுக்கறுத்த இடத்தில் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மதரசாப் பிள்ளைகள் இறந்தார்கள். ஓடுகிற தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் ஆளைத் தள்ளும், இரண்டு அடி என்றால் வாகனத்தை மிதக்க வைக்கும். உங்கள் வெளியேறும் வழியில் அப்படி ஒரு தாம்போதி இருந்தால், எந்தக் கோட்டுக்கு மேல் அதைக் கயிறு கட்டி மூடுவது, மூடுபவர் யார் என்று எழுதியிருக்க வேண்டும்.

இனி, எழுப்புவார்களா என்ற கேள்வி. சிவப்பு நிறம் தானாக ஒருவரையும் எழுப்பாது. அது அபாயத்தின் மதிப்பீடு, காணியின் மேலான உத்தரவு அல்ல. கரையோர வலயம் என்பதும் அப்படித்தான். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கடலிலிருந்து 300 மீற்றர் வரையும், கடலோடு தொடுத்த நீர்நிலைகளில் வாயிலிருந்து 2 கிலோமீற்றர் உள்ளே வரையும் அது போகிறது. அதற்குள் அபிவிருத்தி வேலைக்கு அனுமதி வேண்டும் என்பதே அதன் சாரம். ஆனால் நிறம் பிறகு காரணமாகக் காட்டப்படலாம், இதை மறைக்க விரும்பவில்லை. சுனாமிக்குப் பின் வடக்கு, கிழக்கில் 200 மீற்றர், தெற்கு, மேற்கில் 100 மீற்றர் என்று கட்டத் தடை போட்டார்கள். பிறகு தளர்த்தினார்கள், அதற்குள் பலர் இடம் மாறிவிட்டார்கள். நாவலடி, டச்பார்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது திராய்மடுவில். அலைக்கு எட்டாத இடம்தான், ஆனால் பெயரில் மடு இருக்கிறது, மாரியில் தண்ணீரும் நிற்கிறது. மீன்பிடிக்குக் கடல் எட்டவாகிவிட்டது.

இடமாற்றம் தவிர்க்க முடியாத ஒரு சில வீடுகள் உங்கள் கரையில் இருக்கலாம், அதையும் சொல்ல வேண்டும். கான் வாயிலேயே கட்டிய வீட்டை எந்தக் கானாலும் காப்பாற்ற முடியாது. அந்த வீடுகளுக்கு முன்கூட்டியே நிபந்தனை எழுதுங்கள், இங்கேதான் அடையாளம் சுவரை விட்டுச் சட்டத்துக்குள் வருகிறது. எங்கள் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு வளவு மகளுக்குப் போவது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது. தாய் ஒரு வளவு, பக்கத்தில் மூத்த மகள், பின்னால் இளையவள். வெள்ளம் வந்தால் பிள்ளையைத் தூக்குவதும் சோறு கொடுப்பதும் அந்த வேலி தாண்டித்தான். சுனாமி வீடுகளில் ‘குடும்பத் தலைவர்’ என்ற நிரலில் ஆணின் பெயரை எழுதியதில், பெண்ணின் சொத்தாக இருந்தது பல இடங்களில் கைமாறியது. சீட்டுக் குலுக்கி வீடு கொடுத்தால் தாய் ஒரு மூலை, மகள் மறு மூலை. ஆகவே நிபந்தனை இரண்டு: தாய் மகள் வளவுகள் அடுத்தடுத்து, பத்திரம் இப்போதைய வீட்டுக்காரியின் பெயரில். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசுரிமைக்கு ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. சட்டம் இடம் தராது என்று மேசையில் யாராவது சொன்னால் அதைச் சொல்லுங்கள். தனிப்பட்ட அனுமதிப்பத்திரச் சிக்கலுக்கு என் எழுத்தை நம்பிக் கையொப்பம் வைக்க வேண்டாம், சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் காட்டிவிட்டு வையுங்கள்.

இதோடு சேர்ந்தது தகவலின் பாதுகாப்பு. அனுமதிப்பத்திரம் இல்லாத வீடுகளின் பட்டியலை நீங்களே திரட்டி வரைபடத்தில் போட்டுக் கையளித்தால், நாளை அதுவே உங்களுக்கு எதிரான ஆவணமாகலாம். ஒழுங்கை மட்டத்துக் கணக்கைக் கொடுங்கள். வீட்டு மட்டத்துக் கணக்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அலுமாரியில் இருக்கட்டும்.

கிணறு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. மணல் திட்டில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கடல் தண்ணீர் புகுந்த கிணற்றைப் பம்பியால் வற்ற இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறும். சுனாமிக்குப் பின் இந்தக் கரையில் கண்ட பாடம் அது. திட்டத்தில் ‘கிணறு இறைத்தல்’ என்று இருந்தால் எந்த அளவுக்கு என்று கேளுங்கள்.

இதுவரை சொன்னதில் மட்டம், கான், மூடி, வீதி உயரம் எல்லாம் உறுதியானவை, அளந்து காட்டலாம். இனிச் சொல்வது அப்படியல்ல. ஊர்ப் பற்று கூடினால் மீளும் திறனும் கூடும் என்று திட்ட அறிக்கைகள் அடித்துச் சொல்கின்றன. ஒற்றுமையுள்ள ஊர் முதலாம் நாள் நன்றாகச் சமாளிக்கும் என்பதை ஏற்கலாம். ஆனால் அதே ஒற்றுமை வெளியே இருந்து வந்து குடியேறியவரை நிவாரண வரிசையில் பின்னுக்குத் தள்ளியதும் உண்டு. ஓவியமும் விழாவும் அந்த ஒற்றுமையை உண்டாக்குகின்றனவா, ஏற்கெனவே இருப்பதைக் காட்டுகின்றனவா என்பது இன்னும் தீராத வாதம். காலநிலைக் கணிப்பை ஒரு ஒழுங்கை அளவுக்கு இறக்கிச் சொல்லும் வரைபடத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள். உலகக் கடல் மட்டம் 2006 முதல் 2018 வரை வருடத்துக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம் உயர்ந்தது என்பது உறுதி. 200 மீற்றர் கானுக்கு மொத்தச் சரிவே 20 சென்ரிமீற்றர் என்றால், அதே வேகத்தில் 20 வருடத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கான் வாயின் மட்டத்தைத் தீர்மானிக்க இந்த எளிய கணக்கே போதும்.

கான் வாய் அயல் ஊரின் வட்டாரத்தில் இருந்தால் கடிதம் இரண்டு ஊரும் சேர்ந்து போக வேண்டும். ஒரு பக்கம் கோயில் வண்ணக்கர் (கோயில் நிர்வாகி), மறு பக்கம் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, இரண்டு மீனவர் சங்கங்கள். ‘எங்கள் ஊர் அடையாளம்’ என்று எழுதும் தாளில் அயலவரைத் தண்ணீர் அனுப்புகிறவராகச் சித்திரித்துவிட்டால் கான் அந்த எல்லையிலேயே நின்றுவிடும். கூட்டத்துக்கு முன் திட்ட வரைவு, கானின் நெடுக்குவெட்டுப் படம் (கான் நெடுகிலும் எங்கே என்ன மட்டம் என்று காட்டுவது), வேலை அளவுப் பட்டியல், பராமரிப்புப் பொறுப்பு யாருக்கு என்ற பக்கம் ஆகிய நாலையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நெடுக்குவெட்டுப் படம் வந்ததும் உங்கள் ஹோஸ் அளவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் 5 சென்ரிமீற்றருக்கு மேல் விலகினால், கூட்டத்தில் வாக்குவாதம் செய்யாமல் பொறியியலாளரை அந்த இடத்துக்கே வந்து அளக்கக் கூப்பிடுங்கள்.

சபையின் வரவுசெலவுத் திட்டம் டிசம்பருக்குள் நிறைவேறுவதால் உங்கள் கோரிக்கை ஓகஸ்டிலேயே மேசைக்குப் போய்விட வேண்டும். மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்த கிழமையை அளக்கவும் எழுதவும் வைத்துக்கொள்ளுங்கள், ஊர் அப்போது எப்படியும் கூடியிருக்கும். புரட்டாதியில் மூடிகளைத் தூக்கி மணல் அள்ளுங்கள். அள்ளிய மணலைக் கானோரத்தில் குவித்துவிட்டுப் போகாதீர்கள், முதல் மழையில் அது திரும்ப உள்ளே வந்துவிடும்.